கேஸா, கரண்டா, பருத்திமாரா?

பிரிட்டனில் வீட்டு எரிபொருளுக்கு உச்ச விலை வைப்பது ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு. 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை அது வைத்த விலை, மின்சாரத்துக்கு யூனிட் 25.73 பென்ஸ், குழாய் வழி வரும் கேஸுக்கு அதே யூனிட் கணக்கில் 6.33 பென்ஸ். நாலுக்கு ஒன்று. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் குடியிருக்கும் தமிழர்கள் கேஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் வைக்கலாமா என்று யோசிக்கும்போது, பேச்சு கடைசியில் வந்து முட்டிக்கொண்டு நிற்பது இந்த நாலு மடங்கில்தான்.

அதே கணக்கைப் பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடியில் போட்டுப் பார்க்கலாம். சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே, 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகொண்டாப் போரைப் பார்த்த கோட்டை நிற்கும் ஊர். இங்கே குழாய் கேஸ் கிடையாது, 14.2 கிலோ சிலிண்டர்தான். ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் ஏறக்குறைய 12.7 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. முழு சிலிண்டருக்கு 180 யூனிட். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னை விலை 868.50. தூக்கிவந்து போடுகிறவர் கையில் கொடுப்பதையும் சேர்த்து 900 என்று வைத்தால், கேஸ் யூனிட்டுக்கு 5 ரூபாய். மின்சாரமோ 2024 ஜூலையில் வந்த வீட்டுக் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.35, அதற்கு மேல் 400 வரை 4.70.

ஆக, லண்டனில் நாலு மடங்காக இருக்கும் மின்சார விலை இங்கே கேஸுக்குச் சமம், சில வீடுகளில் பாதி. ஹீட் பம்புக்கு இதைவிடத் தோதான விலையை உலகத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் ரஞ்சன்குடியில் ஒரு சாதாரணக் குடும்பம் வீட்டுக்கு ஹீட் பம்ப் வாங்கினால் போட்ட பணம் திரும்பாது. ஏன் என்று பார்ப்பதற்குள் அடுப்பு, வெந்நீர், இ.பி. பில், கொல்லைப்புறத்துப் பருத்திமார் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவர வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த மெஷின். ஹீட்டர் கம்பி கரண்டைச் சூடாக மாற்றுகிறது. ஒரு யூனிட் போட்டால் ஒரு யூனிட் வெப்பம், அதற்கு மேல் கிடைக்க வழியில்லை. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் ஏற்றுகிறது. கமலை மாடு தண்ணீரை உண்டாக்குவதில்லை, கிணற்றில் கிடப்பதை மேலே கொண்டுவருகிறது, அதுபோலத்தான். மாட்டுக்குப் போடும் தீவனம்தான் கரண்ட். ஒரு யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வெப்பம் வந்தால் அதன் சி.ஓ.பி. 3 என்பார்கள். கிணறு ஆழமாக ஆக மாடு திணறும். காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டுமோ, அவ்வளவு கரண்ட் கூடும்.

இது புதுச் சரக்கல்ல. 1850-களிலேயே கெல்வின் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்; அதே பத்தாண்டில் ஆஸ்திரியாவின் ஒரு உப்பு ஆலையில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் செய்தும் பார்த்துவிட்டார். ரஞ்சன்குடி வீடுகளிலேயே இது பல வருடமாக ஓடுகிறது. ஃபிரிட்ஜ் ஒரு ஹீட் பம்ப்தான். உள்ளே இருக்கும் தயிர்ச் சட்டியின் வெப்பத்தை எடுத்துப் பின்பக்கக் கம்பியில் கொட்டுகிறது. ஏ.சி.யும் அதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டு, வெளியில் இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவருகிறார்கள்.

திருப்பிப் போட்டவர்களின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை. நார்வேயில் பத்தில் ஆறு வீட்டில் ஹீட் பம்ப் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே குளிர் மிகுந்த நாடுகளில் அதுவும் ஒன்று; குளிரில் மெஷின் ஓடாது என்பவர்களுக்கு அந்த நாடே பதில். அங்கே நீர்மின்சாரம் ஏராளம், வீட்டுக்கு வீடு கேஸ் குழாய் போட்ட பழக்கமும் இல்லை. கூடவே 2020 முதல் வீடுகளைச் சூடாக்க எண்ணெய் எரிப்பதற்குத் தடை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆஸ்லோ போய்ச் சேர்ந்த குடும்பங்கள் கேஸா கரண்டா என்று தலையைப் பிய்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அங்கே அந்தக் கேள்வியே கிடையாது.

பிரிட்டனில் நிலைமை தலைகீழ். 90 சதவீதத் திறனுள்ள கேஸ் பாய்லரில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு மேலே சொன்ன விலையில் 7 பென்ஸ் ஆகும். ஹீட் பம்பின் சி.ஓ.பி. 3 என்றால் 8.6 பென்ஸ். 3.7-ஐத் தொட்டால்தான் சமம். நல்ல ஆள் வந்து, பெரிய ரேடியேட்டர் போட்டு, சுவரிலும் கூரையிலும் வெப்பம் ஒழுகாமல் அடைத்துக் கொடுத்தால் அதைத் தொடலாம். பழைய செங்கல் வீட்டில் அவசரத்துக்கு மாட்டிவிட்டுப் போனால் தொட முடியாது. அதனால்தான் அந்த அரசு ஒரு வீட்டுக்கு 7,500 பவுண்ட் மானியம் கொடுத்து ஆசை காட்டுகிறது. 2023 அக்டோபருக்கு முன்பு அது 5,000 ஆக இருந்தது. உக்ரைன் போரால் கேஸ் விலை எகிறிய 2022-ல் உலகம் முழுக்க ஹீட் பம்ப் விற்பனை 11 சதவீதம் கூடியது. அடுத்த ஆண்டு கேஸ் விலை இறங்க, விற்பனையும் இறங்கியது. சுற்றுச்சூழல் பேச்சு எவ்வளவு இருந்தாலும், வாங்குகிறவன் கண் விலைப் பலகை மேல்தான் இருக்கிறது.

இனி ஊருக்கு வரலாம்.

ரஞ்சன்குடியில் வீட்டைச் சூடாக்க வேண்டிய அவசியமே இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் பிரச்சினை. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள், அதோடு சரி. சித்திரை மதியத்தில் மாடி சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. லெப்பைக்குடிகாடு, வி.களத்தூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு இதில் இன்னொரு படி தெரியும். அங்கே கோடையில் கீஸரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் அதன் தொட்டித் தண்ணீரைக் குளிர்ந்த நீராகப் பயன்படுத்துவார்கள். மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிடச் சூடாக இருக்கும்.

எனவே இங்கே வெப்பம் தேவைப்படுவது இரண்டு காரியத்துக்கு. ஒன்று சமையல், அது வருடம் முழுக்க. இன்னொன்று குளிக்க வெந்நீர், அது கார்த்திகை முதல் மாசி வரை. கைக்குழந்தை, பிள்ளை பெற்றவள், மூட்டுவலிப் பாட்டி இருக்கும் வீட்டில் மட்டும் எல்லா நாளும்.

வெந்நீரை எடுத்துக்கொண்டால், நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 80 லிட்டர் போதும். தொட்டித் தண்ணீரை 18 டிகிரி கூட்டினால் குளிக்கும் பதம் வந்துவிடும். ஒரு லிட்டரை ஒரு டிகிரி உயர்த்த 4.186 கிலோஜூல் என்ற பள்ளிக்கூடக் கணக்கில் பெருக்கினால் 1.7 யூனிட். கீஸர் தொட்டியில் வீணாகும் சூட்டையும் சேர்த்து 2 யூனிட் என்று தாராளமாக வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட், 4.70 வீதம் 564 ரூபாய். சி.ஓ.பி. 3 உள்ள ஹீட் பம்பில் இது 40 யூனிட், 188 ரூபாய். மிச்சம் 376. குளிர்காலம் நாலு மாதம் என்றால் வருடத்துக்கு 752 ரூபாய்.

வீட்டுக்கான ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் 150, 200 லிட்டர் அளவில் இந்தியாவிலேயே விற்கிறது. விலை ஒரு லட்சத்தை ஒட்டி. 15 லிட்டர் கீஸர் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். மிச்சமாகும் 752 ரூபாயைக் கொண்டு அந்த 90,000 வித்தியாசத்தைக் கட்டி முடிக்க 120 வருடம் ஆகும். வருடம் 365 நாளும் வெந்நீரில் குளிக்கிற குடும்பம் என்றாலும் 39 வருடம். மெஷினின் ஆயுளோ 10, 15 வருடம். விலை விகிதம் எவ்வளவு சாதகமாக இருந்து என்ன பயன், ஆகும் செலவே சொற்பம் என்றால் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை.

இதற்குப் போட்டியாகக் கொல்லையில் ஒன்று இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பேர்போனது. பருத்தி எடுத்து முடிந்ததும் செடியைப் பிடுங்கிக் கட்டி வேலியோரம் சாய்த்து வைத்திருப்பார்கள், அதுதான் பருத்திமார். மணி உதிர்த்த மக்காச்சோளச் சக்கை சாக்குச் சாக்காகத் திண்ணையோரம் கிடக்கும். ஓடைப் பக்கம் போனால் சீமைக்கருவேல முள் வேறு. மூன்று கல் கூட்டி, அடிப்பக்கம் கரியேறி மொத்தமாகிவிட்ட அலுமினிய அண்டாவை வைத்து, ஒரு கை சக்கையைப் போட்டுப் பருத்திமாரைச் சொருகினால் கால் மணி நேரத்தில் அண்டா ஓரம் ஆவி கிளம்பும். கையை விட்டு வரும் காசு பூஜ்யம். சாம்பல் பாத்திரம் விளக்க ஆகும். இப்படித் திறந்தவெளியில் தண்ணீர் காய்ச்சுவதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சமையலறைக்குள் விறகு எரிப்பது வேறு விஷயம். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மீதி சூடும் புகையும் சமைக்கிறவள் முகத்துக்கு. சக்கை இலவசம் என்று கணக்கெழுதும்போது அவள் விடியற்காலை எழுந்திருப்பதும் ஊதி ஊதி இருமுவதும் கணக்கில் வருவதில்லை.

ஹீட்டர் கம்பி மலிவு. வாளியில் தொங்கவிட்டு 1,500 வாட்டில் போட்டால் 15 லிட்டர் சூடாகப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் போதும். கரண்டை வீணாக்குவதிலும் அது கீஸரைவிடக் குறைவுதான், தொட்டியில் சூடு தேங்கிக் கிடக்காதே. ஆனால் சுவிட்சை அணைக்காமல் வாளியில் கை விட்டுப் பார்ப்பவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். வீட்டு மெயினில், கரண்ட் ஒழுகினால் தானே அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. போடாத இடத்தில் இந்தக் கம்பி இருக்கவே கூடாது.

கேஸ் கீஸர் இந்தப் பக்கம் அதிகம் இல்லை, அது நல்லதே. செலவைப் பார்த்தாலும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 6 ரூபாய்க்கு மேல் ஆகிறது. கரண்ட் கீஸரில் 5.50-ஐ ஒட்டித்தான். அதைவிட முக்கியம், காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதை மாட்டினால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, நிறமும் மணமும் தெரியாமல் ஆளை மயக்கிச் சாய்த்துவிடும். வெளிச்சுவரில் மாட்ட இடமில்லையா, வாங்கவே வேண்டாம்.

சூரிய வெந்நீர்க் கலம் பார்வைக்கு இந்த ஊருக்கென்றே செய்தது போல இருக்கும். வெயிலுக்கா பஞ்சம்? 100 லிட்டர் அளவு இருபது, முப்பதாயிரத்தில் முடியும், மாதச் செலவு கிடையாது. இரண்டு இடைஞ்சல். வெந்நீர் தேவை தொடங்கும் கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம் கவிந்து கிடக்கும். அடுத்தது ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, இரண்டு மூன்று வருடத்தில் சூடு குறைய ஆரம்பிக்கும். கீஸர் காயிலைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கும் இந்தப் பொருக்கு தெரியும். கட்டைவிரல் கனத்துக்கு அப்பியிருக்கும், சுத்தியலால் தட்டினால் ஓடு ஓடாக உதிரும். ஹீட் பம்பும் இதிலிருந்து தப்பாது. காற்றிலிருந்து எடுத்த வெப்பத்தைத் தண்ணீருக்கு மாற்றும் குழாயில் உப்பு படிந்தால் சி.ஓ.பி. இறங்கும், கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் எண் நல்ல தண்ணீரில் அளந்தது.

வெந்நீர் சில்லறைச் செலவு. ரூபாய் பெரிதாகப் புழங்குவது சமையலறையில்.

தமிழ்நாட்டுக் கிராமங்கள் கேஸுக்கு மாறியதில் அரசுகளின் கை இருக்கிறது. 2006-ல் வந்த தி.மு.க. ஆட்சி அடுப்போடு சேர்த்து இலவச கேஸ் இணைப்பு கொடுத்தது. 2016 மே முதல் தேதி உத்தரப் பிரதேசத்துப் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் அடுத்த அலை. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 82.9 சதவீத வீடுகள் புகையில்லா எரிபொருளில் சமைத்தன. நாட்டு சராசரி 58.6. இணைப்பு வந்த வேகத்தில் விலையும் ஏறியது. சென்னையில் 1,100 ரூபாயைத் தாண்டிப் போனதை 2023 ஆகஸ்டில் 200, 2024 மார்ச்சில் 100 என்று குறைத்தார்கள். உஜ்வலா அட்டைக்காரர்களுக்கு 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம்.

இப்போது இண்டக்ஷன் அடுப்பை வைத்துப் பார்க்கலாம். நல்ல கேஸ் அடுப்பின் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பர்னர் அடைத்து, பாத்திரத்துக்கு வெளியே தீ நாக்கு நீட்டும் வீட்டு அடுப்புக்கு 65 போடுவது நியாயம். இண்டக்ஷனுக்கு 85. அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் செய்ய 138 யூனிட் கரண்ட் வேண்டும். சிலிண்டர் 45 நாள் வருகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 184 யூனிட். அதே வேலைக்கு கேஸ் செலவு 1,200 ரூபாய்.

ஏ.சி. இல்லாத ஓட்டு வீடு. இரண்டு ஃபேன், டி.வி., ஃபிரிட்ஜ், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட், பில் 141 ரூபாய். சமையல் முழுவதையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் 344 யூனிட், பில் 912. கூடுதல் 771 ரூபாய். 1,200 ரூபாய் கேஸ் போய் 771 ரூபாய் கரண்ட் வந்தால் 429 ரூபாய் லாபம். உஜ்வலா வீடாக இருந்தால் கேஸ் செலவே 800 தான். அங்கே லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அடுத்த தெருவில் ஏ.சி. வைத்த மாடி வீடு. சித்திரை, வைகாசியில் 400 யூனிட், பில் 1,175. அங்கேயும் இண்டக்ஷனுக்கு மாறினால் 584 யூனிட். பில் 2,745. கூடுதல் 1,570 ரூபாய் கொடுத்து 1,200 ரூபாய் கேஸை மிச்சம் பிடித்த கதை. ஏனென்றால் நடுவில் 500 என்ற கோடு இருக்கிறது. 500 யூனிட்டுக்குள் இருந்தால் 200 வரை 2.35. கோட்டைத் தாண்டியதும் அந்தச் சலுகை கைவிட்டுப் போய் 101-லிருந்தே 4.70 என்று கணக்கு மாறும். 500-க்கு மேற்பட்டதற்கு 8.40, 600-க்கு மேல் 9.45. 500 யூனிட் எரித்தவர் 1,805 கட்டுகிறார். 510 எரித்தவர் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்! ரீடிங் எடுக்க வருபவர் இரண்டு நாள் தாமதமாக வந்தால் வீட்டில் சண்டை வருவதற்குக் காரணம் உண்டு.

இதிலிருந்து வரும் முடிவு, கேஸ் மலிவா கரண்ட் மலிவா என்ற கேள்விக்கு ஊருக்குப் பொதுவான பதில் கிடையாது. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்கு எதிரெதிர் பதில். ஒரே வீட்டுக்கும் தையில் ஒன்று, வைகாசியில் ஒன்று. மார்கழி, தையில் ஏ.சி. ஓடாது, மீட்டரில் இடம் இருக்கிறது, அப்போது இண்டக்ஷனில் சோறு வடிக்கலாம், கீஸரும் போடலாம். ஏ.சி. சுற்றும் மாதங்களில் சிலிண்டருக்குத் திரும்பிவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு அடுப்பும் வைத்திருக்கும் வீட்டுக்காரிகள் பலர் யாரும் சொல்லாமலே இதைத்தான் செய்கிறார்கள். கேஸ் தீர்ந்த நாளில் அவசரத்துக்கு உதவும் என்று வாங்கிய இண்டக்ஷன் மெல்ல மெல்லக் காலைக் காப்பிக்கும் பால் காய்ச்சவும் நிலையாக உட்கார்ந்துவிட்டது.

இரண்டு அடுப்பு வைத்திருப்பதற்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. இந்தியாவில் எரியும் எல்.பி.ஜி.யில் ஏறக்குறைய 60 சதவீதம் கப்பலில் வருவது, பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. அங்கே ஏதாவது நடந்தால் இங்கே அடுப்பு தடுமாறும். இலங்கையில் 2022-ல் டாலர் தீர்ந்து கேஸ் கப்பல் நின்றபோது கொழும்பு மாடி வீடுகளில் இருந்தவர்கள் காலி சிலிண்டரோடு தெருவில் வரிசை கட்டினார்கள். கொல்லையில் விறகு அடுப்பு வைத்திருந்த கிராமத்துக்காரர்கள் அவ்வளவு தவிக்கவில்லை. கரண்டை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து லைன் அறுந்தால் ராத்திரிச் சாப்பாடு போச்சு.

நாம் இங்கே போடும் கணக்கெல்லாம் வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் காசுக் கணக்கு. உண்மையான விலை வேறு. 2.35 ரூபாய்க்கு யாராலும் ஒரு யூனிட் மின்சாரத்தை உற்பத்தி செய்து ரஞ்சன்குடி வரை கொண்டுவந்து சேர்க்க முடியாது. வித்தியாசத்தை மாநில அரசு மானியமாக மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. கேஸும் அப்படியே. வாங்கிய விலைக்குக் கீழே வீட்டு சிலிண்டரை விற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு ஈடுகட்ட 30,000 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் தந்தது. ஒரு கையில் மாநில மானியம், இன்னொரு கையில் மத்திய மானியம், நடுவில் தட்டும் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இயற்பியலைவிட அரசியலைப் பொறுத்தது. ஒரு அரசாணையில் 500 கோடு நகர்ந்தாலோ, சிலிண்டர் 200 ரூபாய் ஏறினாலோ மேலே போட்ட கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

மாடியில் சூரிய மின்தகடு போட்டவர்களுக்கு இந்தக் கவலை பாதி குறையும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றோ அதற்கு மேலோ போட்டால் 78,000 ரூபாய் மத்திய மானியம். ஏ.சி. வைத்த மாடி வீட்டுக்கு இது 500 கோட்டுக்குள் திரும்பிவர ஒரு வழி. ஒரு லட்சம் கையில் வைத்துக்கொண்டு ஹீட் பம்ப் விலை விசாரிக்கும் ரஞ்சன்குடிக்காரர் யாராவது இருந்தால், அந்தப் பணத்தை இதில் போடச் சொல்வதே நல்ல யோசனை.

தமிழ்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் தேவை உள்ள இடம் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும். அங்கே தை மாதம் உறைபனி விழுகிறது. பெரும்பாலான வீடுகள் கம்பி சிவக்கும் ரூம் ஹீட்டரில் காலத்தை ஓட்டுகின்றன, வசதி குறைந்த வீடுகள் கரியில். கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி அவ்வப்போது வருகிறது. அங்கே, சூடும் குளிரும் இரண்டும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒரு அறைக்கு மாட்டினால் ரூம் ஹீட்டர் கரண்டில் பாதிக்கும் கீழே அதே கதகதப்பு கிடைக்கும். மலைக்கு மேலே கடைக்காரர்கள் இதை எடுத்துச் சொல்லி விற்றால் வாங்குவார்கள்.

சமவெளிக்கும் ஹீட் பம்ப் உதவாது என்று சொல்லிவிட முடியாது. வீட்டை விட்டு வெளியே வந்து பெரம்பலூர் நகரத்துப் பக்கம் பார்க்க வேண்டும். கல்லூரி விடுதிகள், ஆஸ்பத்திரிகள், நெடுஞ்சாலை லாட்ஜுகள், திருமண மண்டபங்கள். ஒரு விடுதிக்கு நாளைக்கு 2,000 லிட்டர் வெந்நீர் வேண்டும், 25 டிகிரி உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 58 யூனிட் வெப்பம். வணிகக் கட்டணத்தில் யூனிட் 10 ரூபாய். கீஸர் காயிலில் நாளைக்கு 580 ரூபாய். 19 கிலோ வணிக சிலிண்டரில் காய்ச்சினாலும் கிட்டத்தட்ட அதே செலவு. சி.ஓ.பி. 3 உள்ள ஹீட் பம்பில் 194 ரூபாய். ஒரு நாளில் 386 ரூபாய் மிச்சம், வருடம் முழுக்க ஓடினால் 1,40,000. சில லட்சம் போட்டு வைக்கும் மெஷின் இரண்டு மூன்று வருடத்தில் தன் விலையைத் தானே கட்டிவிடும். போதாததற்கு அது வெளியே தள்ளுவது குளிர்ந்த காற்று. அந்தக் காற்றைக் குழாய் வைத்து விடுதிச் சமையற்கட்டுக்குத் திருப்பிவிட்டால் தோசைக்கல் முன்னால் நிற்கிறவருக்குச் சித்திரை மாதத்தில் அது பெரிய உபகாரம்.

பக்கத்து அரியலூரில் வெப்பத்துக்குக் குறைவில்லை. சிமெண்ட் ஆலைச் சூளைகள் 1,450 டிகிரியில் சுண்ணாம்புக்கல்லை வேகவைக்கின்றன. அந்த உயரத்துக்கு எந்த ஹீட் பம்பும் ஏறாது. அது 50, 60 டிகிரிக்கான மெஷின். குளிக்க, பாத்திரம் கழுவ, துணி வெளுக்க.

விடுதியோ ஆஸ்பத்திரியோ நடத்துகிறவர்கள், விற்க வருகிறவரிடம் மூன்றை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மார்கழி விடியலின் 20 டிகிரியில், 50 டிகிரி தண்ணீர் தரும்போது சி.ஓ.பி. எவ்வளவு? நம் போர்த் தண்ணீரின் உப்புக்கு உத்தரவாதம் செல்லுமா? கம்ப்ரஸர் நின்றால் திருச்சியிலிருந்தாவது ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார்? வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. இ.பி. அட்டையை எடுத்துப் போன வருடத்தின் ஆறு ரீடிங்கையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் போதும். ஒன்றுகூட 300-ஐத் தாண்டவில்லை என்றால் இண்டக்ஷன் அடுப்பை வாங்கலாம். கோடையில் 500-ஐத் தொடுகிற வீடு என்றால் அந்த மாதங்களில் சிலிண்டரை விட வேண்டாம்.